சின்ன எழுத்தில் மரியாதை குறையாது

எங்கள் தாமானில் நான்கு வீடு தள்ளியிருக்கும் அண்ணன் ஒருவர், தம் அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அடிக்கப்போகும் அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் ஆங்கிலம். பேரப்பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் ஆங்கிலப் பக்கம். "எழுத்துப்பிழை இருந்தா மட்டும் பாத்துச் சொல்லுங்க டீச்சர்" என்றார். எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. ஆனால் மதர், கிராண்ட்மதர், பிரேயர், லன்ச், ஹவுஸ் என்று கண்ணில் பட்ட சொல்லெல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தது. பேனாவை எடுத்து ஒவ்வொன்றாகச் சின்ன எழுத்தாக்கிக்கொண்டே வந்தேன். 'எங்கள் அன்பு அம்மா' என்று பொருள்படும் இடத்தில் அவர் கை என் பேனாவை மறித்தது.

"லன்சுக்கும் வீட்டுக்கும் சின்ன எழுத்துப் போடுங்க டீச்சர், பரவால்ல. அம்மாவுக்குமா? சின்ன எம் போட்டா அம்மாவையே சின்னதாக்கின மாதிரி இருக்கே."

நான் பதில் சொல்லவில்லை. தாயை எரித்துப் பத்து நாள்கூட ஆகாதவரிடம் இலக்கணம் பேசுவது மனுஷத்தனமில்லை. பெரிய எம்மை அப்படியே விட்டுவிட்டேன். அட்டையும் அப்படியே அச்சாகி வந்தது.

இது அண்ணனின் தவறில்லை. அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம். டியூஷனில் ஆங்கிலம் சொல்லித்தரும் என்னைப் போன்றவர்கள், கோயில் நிர்வாகங்கள், சங்கங்கள், அழைப்பிதழ் எழுதித் தருபவர்கள் எல்லாரும் சேர்ந்து, பெரிய எழுத்து என்றால் பெரிய மனுஷன் என்று ஒரு சமூகத்தையே நம்பவைத்திருக்கிறோம். அது பொய். அந்தப் பொய்க்கு நாம் கொடுத்துக்கொண்டிருக்கும் விலையும் கொஞ்சமல்ல.

முதலில் விதியைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் பெரிய எழுத்துக்கு அடிப்படையில் இரண்டே வேலைகள். வாக்கியம் இங்கே தொடங்குகிறது என்று காட்டுவது ஒன்று. இது ஒரு குறிப்பிட்ட ஆளின், ஊரின், பொருளின் பெயர் என்று காட்டுவது இன்னொன்று. கிள்ளான் ஆறு என்று பெயராகச் சொன்னால் 'ரிவர்' என்ற சொல்லுக்குப் பெரிய ஆர். ஆற்றில் வெள்ளம் என்று பொதுவாகச் சொன்னால் அதே சொல்லுக்குச் சின்ன ஆர். அமைச்சர் பதவி ஒருவரின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வந்தால் பெரிய எழுத்து. 'அமைச்சர் வந்தார், சாப்பிட்டார், போனார்' என்றால் சின்ன எழுத்து. அமைச்சர் அதே அமைச்சர்தான். சொல் செய்யும் வேலைதான் மாறிவிட்டது.

உறவுமுறைச் சொற்களுக்கும் இதே கணக்கு. 'மை மதர்' என்றால் சின்ன எம். 'மை' முன்னால் வந்ததும் அது உறவைச் சொல்லும் பொதுச்சொல் ஆகிவிடுகிறது. பெயருக்குப் பதிலாக 'மதர்' என்று கூப்பிட்டால் பெரிய எம். இதைத் தமிழ் வாழ்க்கைக்குள் கொண்டுவந்து பாருங்கள். பண்டமாரான் சந்தையில் பூ விற்கும் பெண்ணிடம் "அக்கா, ரெண்டு முழம் கொடுங்க" என்கிறோம். அதை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதினால் அந்த அக்காவுக்குப் பெரிய ஏ, ஏனென்றால் அங்கே அக்கா என்பது பெயராக நிற்கிறது. வீட்டுக்கு வந்து, கூடப்பிறந்தவளைக் காட்டி 'இவள் என் அக்கா' என்று எழுதினால் சின்ன ஏ. முன்பின் தெரியாத பூக்காரிக்குப் பெரிய எழுத்து, நம்மைத் தூக்கி வளர்த்தவளுக்குச் சின்ன எழுத்து! மரியாதையோ பாசமோ இந்த விதிக்குள் எங்கே இருக்கிறது? தேடினாலும் கிடைக்காது. இது வாசகருக்கு வைத்த வழிகாட்டிப் பலகை, அவ்வளவுதான்.

சரி, அந்த ஒற்றை 'ஐ'? 'நான்' என்று சொல்ல ஆங்கிலேயன் தனக்கு மட்டும் பெரிய எழுத்துப் போட்டுக்கொண்டான், அது அவன் திமிர் என்று நம் மேடைகளில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். கைதட்டல் வாங்கித் தரும் வசனம். உண்மையில், கையெழுத்துப் பிரதிகளில் ஒற்றைச் சின்ன ஐ பக்கத்துச் சொற்களுக்கு நடுவே கண்ணில் படாமல் போனது. அது தெரிவதற்காக எழுதுபவர்கள் அதை நீட்டினார்கள், அப்படியே நிலைத்துவிட்டது. பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் 'நான்' சின்ன எழுத்துதான். மலாயின் 'சாயா' சின்ன எழுத்து மட்டுமல்ல, அடியாள் என்று பொருள்படும் 'சஹாயா'விலிருந்து வந்த சொல். அதற்காக மலாய்க்காரர் அடிமை என்றும் ஆங்கிலேயன் ஆண்டை என்றும் எழுத்தை வைத்து ஜாதகம் கணிக்க முடியாது.

வரலாறும் இதைத்தான் சொல்கிறது. ரோமானியர் கல்லில் வெட்டியதெல்லாம் இன்று நாம் பெரிய எழுத்து என்று சொல்லும் வடிவத்தில்தான். பேரரசன் பெயருக்கும் அதே எழுத்து, சாக்கடை கட்டியதைச் சொல்லும் கல்வெட்டுக்கும் அதே எழுத்து. வேகமாக எழுதவும் தெளிவாக வாசிக்கவும் சின்ன எழுத்துகள் பிறகு உருவாகி, 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் சார்லமேன் காலத்தில் ஒழுங்குபட்டன. அதற்கப்புறம்தான் பழைய வடிவம் தலைப்புக்கும் தொடக்கத்துக்கும் என்று ஒதுங்கியது. அச்சுக்கூடம் வந்தபோது பெரிய எழுத்து அச்சுகளை மேல்பெட்டியிலும் சின்ன எழுத்து அச்சுகளைக் கீழ்ப்பெட்டியிலும் வைத்தார்கள். ஆங்கிலத்தில் இன்றும் அவற்றை அப்படித்தான் அழைக்கிறார்கள். எந்தப் பெட்டி கைக்கு எட்ட வேண்டும் என்ற அச்சுக்கோப்பவரின் வசதி, அவ்வளவுதான்.

18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கெல்லாம் பெரிய எழுத்துப் போடும் வழக்கம் இருந்தது. 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் மூலப்படியைப் பார்த்தால் தெரியும். பிறகு ஆங்கிலம் அதைக் கைவிட்டது. ஜெர்மன் இன்றும் விடவில்லை. நாய்க்கும் நாற்காலிக்கும்கூட ஜெர்மனில் பெரிய எழுத்துதான். டென்மார்க்காரர்கள் 1948-இல் ஓர் எழுத்துச் சீர்திருத்தம் செய்து பெயர்ச்சொற்களைச் சின்ன எழுத்துக்கு இறக்கினார்கள். அதனால் டென்மார்க்கில் எந்த அம்மாவும் சிறுத்துப் போகவில்லை.

மரியாதைக்காகப் பெரிய எழுத்துப் போடும் மொழியே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஜெர்மனில் 'நீங்கள்' என்ற மரியாதைச் சொல்லுக்குப் பெரிய எழுத்து. மலாயில் இறைவனைக் குறிக்கும் 'ஞா' என்ற ஒட்டுக்குப் பெரிய எழுத்து. நம் பிள்ளைகளும் பள்ளியில் அதைப் படிக்கிறார்கள். ஆங்கிலத்திலும் கடவுளைச் சுட்டும் 'அவர்' என்பதற்குச் சிலர் அப்படிப் போடுவதுண்டு. அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மொழிகளில் அது வரையறுத்த ஓர் இடத்துக்கு வரையறுத்த விதி. நாம் செய்வது விதி அல்ல, கும்பிடு. யாரைக் கண்டாலும் போடுகிற கும்பிடு.

நம் ஊர்க் கோயில் திருவிழா நோட்டீசின் ஆங்கிலப் பகுதியை, சங்க ஆண்டுக்கூட்ட அறிக்கையை, நிதி திரட்டும் விருந்தின் அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர், சிறப்பு விருந்தினர், காப்பாளர், ஆலோசகர் எல்லாருக்கும் பெரிய எழுத்து. டத்தோ, டத்தோ ஸ்ரீ, தான் ஸ்ரீ வந்துவிட்டால் முழுச் சொல்லும் பெரிய எழுத்தில். டத்தோ என்பதற்கு முதலெழுத்து பெரிதாக இருப்பது சரி, அது பெயரோடு சேர்ந்த பட்டம். ஆனால் நன்கொடை கொடுத்தவர் நடத்தும் கம்பெனி விற்கும் சிமெண்டுக்கும் பெரிய எழுத்து எதற்கு? பெயருக்குப் பின்னால், கமா போட்டு எழுதும் 'செயலாளர்' என்ற பதவிக்கும் தொடர் வாக்கியத்தில் அது வேண்டியதில்லை. அதே நோட்டீசில் மூன்று நாள் சமையல் செய்தவர்கள், பந்தல் போட்டவர்கள், பூக்கட்டியவர்கள், பால்குடம் எடுப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள் எங்கே என்று தேடினால் கடைசி வரியில், பெயரில்லாமல், 'மற்றும் தொண்டர்கள்' என்று சின்ன எழுத்தில் இருப்பார்கள். நம் ஆள்களுக்குப் பெரிய எழுத்து விதி தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாகத் தெரியும். ஆனால் அவர்கள் பின்பற்றுவது ஆங்கில விதியல்ல, யார் நாற்காலியில் உட்கார்கிறார் யார் தரையில் உட்கார்கிறார் என்ற நம் பழைய விதி. பெரிய எழுத்து அதற்குக் கிடைத்த புது உடை.

கிள்ளானில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதும்போது 1941 ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. அந்த வருடம் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் நம் தாத்தாக்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னால் நின்றது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம், அதன் தலைவர்களில் முக்கியமானவர் ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளருக்குச் சமமான சம்பளம், பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவ வசதி, கள்ளுக்கடையை மூடுவது, பெண்களிடம் வாலாட்டுவதை நிறுத்துவது என்று நீண்ட கோரிக்கைப் பட்டியலில் ஒன்று இது: துரையையோ கிராணியையோ எதிரில் கண்டால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். போராட்டம் பரவியது, பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

அந்தக் கோரிக்கையைக் கவனியுங்கள். 'துரைகளும் எங்களைக் கண்டால் இறங்கட்டும்' என்று கேட்கவில்லை. 'எங்கள் மேஸ்திரிக்கும் இறங்க வேண்டும்' என்றும் கேட்கவில்லை. யாரும் யாருக்கும் இறங்கத் தேவையில்லை, சைக்கிள் என்பது போய்ச் சேருவதற்கு என்றுதான் சொன்னார்கள். சம்பளத்தோடு ஒரே வரிசையில் வைத்து அதைக் கேட்டார்கள். எண்பது வருடம் கழித்து அவர்களின் பேரப்பிள்ளைகள் ஒவ்வொரு தலைவர் பெயரும் வரும் இடத்திலும் எழுத்தில் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிறோம். கட்டாயப்படுத்த யாருமில்லை. நாமே இறங்குகிறோம்.

இங்கே என்னை மடக்கலாம். "அப்ப கறுப்பின அமெரிக்கர்கள் பெரிய எழுத்துக்காகப் போராடினது தப்பா?" நியாயமான கேள்வி. நீக்ரோ என்ற சொல்லை அமெரிக்கப் பத்திரிகைகள் சின்ன என்னில் எழுதிவந்த காலத்தில், டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் போன்றவர்கள் பெரிய எழுத்துக்காகப் பல ஆண்டுகள் வாதாடினார்கள். 1930 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் இணங்கியது. பிற்பாடு அந்தச் சொல்லே வழக்கொழிந்து 'பிளாக்' வந்தது. அதற்குப் பெரிய பி போடுவதென்று அசோசியேட்டட் பிரஸ் 2020 ஜூனில் முடிவெடுத்தது. இவர்கள் கேட்டது கும்பிடு அல்ல. ஐரிஷ்காரனுக்கும் இத்தாலியனுக்கும் யூதனுக்கும் இனப்பெயர் என்பதால் பெரிய எழுத்துப் போடுகிறாய், எங்களுக்கு மட்டும் ஏன் விதியை மீறுகிறாய் என்றுதான் கேட்டார்கள். எல்லாருக்கும் உள்ள விதியை எனக்கும் வை என்ற கோரிக்கை அது. நம் தாத்தாக்கள் சைக்கிள் விஷயத்தில் கேட்டதும் அதையேதான்.

பெல் ஹூக்ஸ் என்ற கறுப்பினப் பெண் எழுத்தாளரோ தம் புனைபெயரை முழுக்கச் சின்ன எழுத்தில்தான் எழுதினார். கொள்ளுப்பாட்டியின் பெயரை எடுத்துக்கொண்டு, தன்னைவிடத் தன் எழுத்தைப் பாருங்கள் என்று சின்ன எழுத்தில் போட்டார். 2021-இல் அவர் இறந்தபோது உலகப் பத்திரிகைகள் அந்தப் பெயரைச் சின்ன எழுத்திலேயே அச்சடித்தன. அவர் சிறியவராகவா போனார்?

இப்போது நம் வீட்டுக் கதை. என்னிடம் டியூஷனுக்கு வரும் ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் பள்ளியைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினான். தலைமையாசிரியருக்குப் பெரிய எச், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவருக்குப் பெரிய எழுத்து, கண்ணில் படாத கல்வி அமைச்சருக்கும் பெரிய எழுத்து. 'நான் ஒரு தமிழ்ப்பள்ளி மாணவன்' என்ற வரியில் தமிழுக்கு மட்டும் சின்ன டி. 'இந்தியன்' என்பதற்கும் சின்ன ஐ. ஏன்டா என்று கேட்டேன். "டீச்சர், அது ஆள் இல்லையே" என்றான்.

மொழியின் பெயருக்கும் இனத்தின் பெயருக்கும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்து என்பது விலக்கில்லாத விதி. மலாய் என்று எழுதும்போது அவன் தவறவில்லை, ஏனென்றால் பாடப்புத்தகத்தில் அதைப் பெரிய எழுத்தில் நூறு முறை பார்த்திருக்கிறான். ஆங்கிலத்தில் அச்சான தமிழ் என்ற சொல்லை எத்தனை முறை பார்த்திருப்பான்? வாட்சப்பில் மாமா, சித்தப்பாக்கள் அனுப்புவதைத்தான் பார்த்திருக்கிறான், அதில் எல்லாம் சின்ன டி. பெரிய எழுத்தை மரியாதை என்று சொல்லிக்கொடுத்த பாவம் இங்கேதான் வந்து விடிகிறது. பதவிக்குப் பெரிய எழுத்து வேண்டும் என்று அவனுக்குத் தெரிகிறது. தன் பெயரைப்போலவே தன் மொழியும் ஒரு பெயர், விதிப்படி அதற்கு அந்த எழுத்து உரியது என்பது தெரியவில்லை. தலைமையாசிரியருக்கு இறங்கக் கற்றவன் தன் சைக்கிளில் ஏறக் கற்கவில்லை.

இதன் மறுகோடி நம் அடையாள அட்டை. 2001-இல் மைகாட் வந்தது. அதில் பெயர் முழுக்கப் பெரிய எழுத்து. பாரம் நிரப்பும்போது 'ஹுருப் பெசார்' என்ற கட்டளையைச் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறோம். கையெழுத்து புரிய வேண்டும் என்பதற்காக வைத்தது, காரணம் நியாயம்தான். ஆனால் எல்லாம் பெரிய எழுத்தானதும் பெரிய எழுத்து செய்யும் வேலை செத்துவிடுகிறது. எது பெயர், எது பொதுச்சொல் என்று தெரியாது. மற்றவர்களைவிட நமக்கு இது அதிகமாக வலிக்கும், ஏனென்றால் நம் பெயருக்கு நடுவே ஏ/எல், ஏ/பி இருக்கிறது. 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்பதன் சுருக்கம். மகன், மகள் என்ற பொதுச்சொல், பெயரல்ல. சின்ன எழுத்தில் வர வேண்டியது. மலாய்ப் பெயரில் பின், பிந்தி என்பதைச் சின்ன எழுத்தில் எழுதுவதுபோல. சின்ன எழுத்தில் எழுதினால் முன்னால் உள்ளது ஒருவர், பின்னால் உள்ளது அவர் தகப்பன் என்று யார் பார்த்தாலும் ஊகிக்கலாம். முழுக்கப் பெரிய எழுத்தானதும் மூன்றும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. கடப்பிதழின் அடியில் எந்திரம் வாசிக்கும் இரண்டு வரிகளில் அனுமதி இருப்பது பெரிய எழுத்துகளுக்கும் எண்களுக்கும் ஒரு நிரப்புக் குறிக்கும் மட்டும். சாய்கோட்டுக்கு அங்கே இடமே கிடையாது. சாய்கோடும் போனால் மிஞ்சுவது 'ஏஎல்'.

என் அக்காள் மகன் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போனபோது முதல் பருவம் முழுக்க அவனை 'ஏஎல்' என்றே கூப்பிட்டார்கள். அவன் பெயரின் நடுப்பகுதி அது என்று நினைத்துவிட்டார்கள். அவனும் திருத்தவில்லை. "நல்லாத்தானே இருக்கு சித்தி, ஈசியா இருக்கு" என்றான். அவனுக்கு வேடிக்கை. எனக்கு அப்படி இல்லை. மகன் என்ற பொதுச்சொல் பெரிய எழுத்து ஏறி அவன் பெயரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது. பாட்டன் வைத்த பெயர் வெளியே நிற்கிறது.

அடையாள அட்டையை இன்று நாம் மாற்ற முடியாது. பாரத்தில் பெரிய எழுத்துக் கேட்டால் பெரிய எழுத்தில்தான் நிரப்ப வேண்டும். ஆனால் நம் கையில் இருக்கும் இடங்களில் ஏன் அப்படி எழுதுகிறோம்? கல்யாணப் பத்திரிகையில், வேலைக்கு அனுப்பும் கடிதத்தில், பள்ளிப் பரிசுச் சான்றிதழில், புத்தக அட்டையில்? அங்கே எந்த எந்திரமும் வாசிக்கவில்லை. பெரிய எழுத்து கெட்டியாகத் தெரியும் என்பார்கள். பிரிட்டனில் 1950-களின் கடைசியில் நெடுஞ்சாலைப் பலகைகளை வடிவமைத்த ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வெர்ட்டும் ஊர்ப்பெயர்களை முழுப் பெரிய எழுத்தில் போடாமல், முதலெழுத்துப் பெரிதும் மற்றவை சிறிதுமாகத்தான் போட்டார்கள். வேகமாகப் போகிற காரிலிருந்து ஊர்ப்பெயரை அதன் வடிவத்தைக் கொண்டே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. மனிதப் பெயரும் அப்படிப் பிடிபடட்டுமே.

கடைசியாக ஒன்று. இதுவரை ஆங்கிலத்தைப் பற்றிப் பேசினேன். தமிழில் பெரிய எழுத்தே கிடையாது. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானதிலிருந்து இன்றுவரை தமிழ் அச்சுக்கு மேல்பெட்டி எழுத்து, கீழ்ப்பெட்டி எழுத்து என்ற பிரிவினை தேவைப்பட்டதில்லை. மணி என்பது ஆளா நேரமா, செல்வம் என்பது பக்கத்து வீட்டுக்காரரா பணமா என்று வாக்கியமே சொல்லிவிடும். ஆனால் நாம் சும்மா இருப்போமா? எழுத்தில் இல்லாத பெரிய எழுத்தை ஒலியாக இறக்குமதி செய்துவிட்டோம். குப்புசாமியின் மகன் 'கு.' என்று எழுதினால் என்னவோ போல் இருக்கிறதாம், 'கே.' என்றால் கம்பீரமாம். அது தமிழ் எழுத்தல்ல, தமிழ்ச்சட்டை போட்ட ஆங்கிலப் பெரிய எழுத்து. சி. என். அண்ணாதுரையின் 'சி' எந்த ஊர் என்று பத்துப் பேரைக் கேளுங்கள். காஞ்சிபுரம். ஆங்கிலேயர் அதைக் காஞ்சீவரம் என்று 'சி'யில் தொடங்கி எழுதியதால் வந்த எழுத்து. அவர் ஊரை அவர் பெயரே மறைத்து வைத்திருக்கிறது. எம்.ஜி.ஆர். போல எழுத்துகளே பெயராகிவிட்ட இடத்தில் நான் வம்புக்குப் போகமாட்டேன். மற்றவர்களுக்கு என்ன தடை? தலைப்பெழுத்தைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் அரசாணை போட வேண்டியிருந்தது. நம் நாட்டு இலக்கியவாதிகளில் பலர் எந்த ஆணையும் இல்லாமலேயே அதைச் செய்தவர்கள்: ரெ. கார்த்திகேசு, சீ. முத்துசாமி, சை. பீர்முகம்மது, அ. ரெங்கசாமி, மா. சண்முகசிவா. இவர்களில் யாருக்காவது கம்பீரம் குறைந்ததா?

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் ஆங்கிலத்தின் விதிப்படி எழுதுவோம். பெயருக்கும் வாக்கியத் தொடக்கத்துக்கும் பெரிய எழுத்து, தமிழ் என்ற பெயருக்கும் தவறாமல் பெரிய எழுத்து. பதவிக்குக் கும்பிடு வேண்டாம். ஏ/எல், ஏ/பி நம் கையில் இருக்கும் இடத்தில் சின்ன எழுத்தில் வரட்டும். பிள்ளைகளுக்கு இதை மரியாதை என்று சொல்லிக்கொடுக்காமல் விதி என்று சொல்லிக்கொடுப்போம். மரியாதை என்று படித்தவன் ஆளைப் பார்த்து எழுத்தை மாற்றுவான். விதி என்று படித்தவன் தலைமையாசிரியருக்கும் தோட்டக்காரருக்கும் ஒரே மாதிரி எழுதுவான்.

மரியாதை எங்கே போகும் என்ற கவலை வேண்டாம். அண்ணன் கொண்டுவந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். அதன் தமிழ்ப் பக்கத்தில் அவர் அம்மாவின் பெயருக்கு முன்னால் 'அமரர்' இருக்கிறது, பின்னால் 'அம்மாள் அவர்கள்' இருக்கிறது, முடிவில் 'இயற்கை எய்தினார்' என்று 'ஆர்' இருக்கிறது. எல்லாம் ஒரே அளவு எழுத்தில். அந்தப் பக்கத்தில் நான் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை.